அப்ரார் பாடும் இடம்

சட்டையின் இடது கைப்பொத்தானை மட்டும் மனைவி ஹஃப்சாதான் போட்டுவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அப்ரார் இடது கையாலேயே பழகிக்கொண்டுவிட்டான். அந்த ஒரு பொத்தானுக்குத்தான் வலது கை வேண்டியிருக்கிறது. வலது கைக்கு அவ்வளவு பிடிமானம் இன்னும் வரவில்லை. அன்று கச்சேரிக்கென்று அவனே நீலச் சட்டையைத் தேடி எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தான். வாசலில் தம்பி அஜ்மல் அனுப்பிய கார் வந்து வெகுநேரமாகிவிட்டது. டிரைவர் டீ குடித்து முடித்து, கண்ணாடியையும் துடைத்து முடித்திருந்தார். ஹஃப்சாவுக்குத்தான் கை ஓடவில்லை. துப்பட்டாவை இழுத்துவிடுவதும், அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பதுமாக நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"சரி" என்றான் அப்ரார், வாசலைப் பார்த்துக்கொண்டே.

நாலு வருஷமாக அவனிடம் மிஞ்சியிருக்கும் சொல் அது ஒன்றுதான். பசித்தால் அதைச் சொல்வான். கோபம் வந்தால் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான். மழை வருகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடு என்பதற்கும் அதுதான். கட்டுமாவடி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதியதில் தலையின் இடது பக்கம் அடி. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். கேட்பதெல்லாம் புரியும், மனசில் இருப்பதெல்லாம் அப்படியேதான் இருக்கும், அது வாய்க்கு வருகிற வழிதான் அறுந்துபோயிருக்கிறது என்று தஞ்சாவூரில் டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். விடாமல் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்றும் சொன்னார். வரலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஹஃப்சா இத்தனை காலத்தை ஓட்டிவிட்டாள். காலையில் தொழுகை முடிந்ததும் படம் ஒட்டிய அட்டைகளை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர்ச் செம்பு, படகு, குடை. சொல்லுங்க மச்சான், த... ண்... ணி. அவன் அவள் உதட்டையே பார்ப்பான். நெற்றியில் வியர்வை பூக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் "சரி" என்பான். நாளைக்கு வரும் என்று சொல்லி அவள் அட்டைகளை அடுக்கி வைப்பாள்.

அவள் அவனுக்குக் கழுத்தை நீட்டியதே அவன் பேச்சுக்குத்தான். பெண் பார்க்க வந்த அன்று, வாயைத் திறக்காத அவள் அத்தாவையே சிரிக்க வைத்துவிட்டுப் போனவன். கல்யாணமான பிறகு, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, அன்று காலை மீன் ஏலத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று அவரவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். அவளுக்கு அடுப்பில் குழம்பு தீய்ந்துபோகும். ஆனால் அதெல்லாம் ஒன்றரை வருஷம்கூட நிறையவில்லை. அவன் பேசிக் கேட்ட நாட்களைவிட, பேசாத நாட்கள் எப்போதோ கூடிவிட்டன.

கோட்டைப்பட்டினத்தில் அண்ணனும் தம்பியுமாக இருவரும் வீட்டு மாடியில் போனை வைத்துக்கொண்டு பாட்டு செய்து போட ஆரம்பித்தது கல்யாணத்துக்கு முன்னாலேயே. அஜ்மலுக்குப் பாட்டு, அப்ராருக்குப் பேச்சு. 'வல நெறஞ்சாச்சு' என்று அவர்கள் போட்ட ஒரு பாட்டு எங்கேயோ போய்விட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில், கல்யாண வீட்டில், காலேஜ் பஸ்ஸில் எல்லாம் அதுதான். வல நெறஞ்சாச்சு வல நெறஞ்சாச்சு, வா புள்ள கரைக்கு என்று அஜ்மல் பாடிக்கொண்டே வருவான். நடுவில் மேளம் எல்லாம் சட்டென்று அடங்கும். அந்த இடத்தில் அப்ரார் வருவான். சூடை, காரல், சீலா, பாறை என்று மீன் பெயர்களையும், ஊரில் உள்ள ஆட்களின் பட்டப்பெயர்களையும் கலந்து, ஏலம் விடுகிற மாதிரி மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவான். ஜனங்கள் காத்திருந்தது அந்த இடத்துக்காகத்தான். சென்னையில் இருந்து சினிமாக்காரர்கள்கூடக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று இருவரும் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விபத்து.

அண்ணன் விழுந்த பிறகு அஜ்மல் ஒரு வருஷம் பாடவேயில்லை. பிறகு சென்னைக்குப் போனான். திரும்ப மேடை ஏறியபோது மேளம் இல்லை, அதிர்கிற சத்தம் இல்லை. கையில் ஒரு கிட்டார், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த நாலு பேர். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வியோலா, தரையில் ஊன்றி முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற ஒரு செல்லோ. பழைய ஆட்டப் பாட்டுகளையே நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரிப் பாடினான். அது பிடித்துப்போய், ஊர் ஊராகச் சின்ன அரங்குகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கில், சாயங்காலம் நாலு மணிக்கு.

போன மாதம் பக்கத்து வீட்டு பவுசியா மதுரைக் கச்சேரி வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். 'வல நெறஞ்சாச்சு' ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி வந்தது. அஜ்மல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அப்ரார் பேச வேண்டிய இடத்தில் அந்தப் பெரிய செல்லோ வாசித்தது. பவுசியா நல்லாருக்குல்ல என்று கேட்டது காதில் விழுந்தது. ஹஃப்சாவுக்கு, தான் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ வீட்டுக்குள் வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்ராருக்கு அதைக் காட்ட வேண்டாம் என்று பவுசியாவிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கே மனசில் முடிவும் செய்துகொண்டாள். அஜ்மலை நேரில் பார்க்கும்போது சொல்லிவிட வேண்டும். போனில் சொல்கிற காரியமில்லை.

மாமியார் நூர்நிஷா மகன் தலையில் கை வைத்து துஆ ஓதி அனுப்பிவைத்தாள். ஆவுடையார்கோவில் தாண்டியதும் டிரைவர், மரியாதைக்காக, அஜ்மல் பாட்டுகளைப் போட்டார். மூன்றாவதாக அந்தப் பழைய பாட்டே வந்தது. மேளம் அடங்கப்போகிற இடத்துக்கு முன்னாலேயே ஹஃப்சா, அவுகளுக்குத் தலைவலி, நிப்பாட்டிருங்க அண்ணே என்றாள். வீட்டிலும் அவள் அப்படித்தான். அவனுடைய பழைய குரலை அவன் காதில் விழவிட்டதில்லை. அப்ரார் அவள் பக்கம் திரும்பவில்லை. அறந்தாங்கி வரும்வரை கண்ணாடிக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அரங்கத்துக்குள் போனபோது மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அஜ்மல் குதித்து இறங்கி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். மூத்த வயலின்காரர் ஆத்மநாதன் எழுந்து கும்பிட்டார். செல்லோவைச் சாய்த்துப் பிடித்திருந்த பெண் எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். அவளை ஹஃப்சா எங்கேயோ பார்த்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? அன்னைக்கு நீங்க போட்ட நெய்ச்சோறு இன்னும் மறக்கல" என்றாள் அந்தப் பெண்.

பெருநாள் முடிந்த வாரம், ராமேஸ்வரம் கச்சேரியை முடித்துக்கொண்டு அஜ்மல் வந்தபோது கூட வந்திருந்த பெண். பிரகதீஸ்வரி. வீடியோவில் இருட்டில் முகம் தெரியாததால் இவள்தான் அவள் என்று தோன்றவில்லை. அன்று அடுப்படியில் வந்து வெங்காயம் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டாள். நீங்க போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாங்க என்று ஹஃப்சாதான் அனுப்பினாள். அஜ்மலும் அப்ராரும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது அப்ரார் வலது காலை இழுத்துக்கொண்டு மேடைப்படி ஏறிப் போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றான். யாரும் சொல்லாமலே செல்லோவின் தோளில் உள்ளங்கையை வைத்தான். அவளும், முன்பே பழக்கம் என்பதுபோல, வில்லை ஒருமுறை மெல்ல இழுத்துக் காட்டினாள். ஹஃப்சா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அஜ்மலைத் தனியாகப் பக்கவாட்டு நடைக்குக் கூப்பிட்டுப் போனாள். அங்கே மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். காரில் வரும்போது சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் கலைந்துவிட்டது. நேராகவே சொன்னாள்.

"தம்பி, அந்தப் பாட்டுல ஒங்க அண்ணன் வர்ற எடத்த இவங்க வாசிக்கிறாங்க. பாத்தேன். இனிமே அத வாசிக்க வேணாம். அந்த எடம் வந்தா சும்மா விட்டுருங்க. அவுக வர்ற வரைக்கும் அது காலியா கெடக்கட்டும்."

அஜ்மல் ஒரு நாற்காலியை விரித்து அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. அவன் உட்கார்ந்தான்.

"மதினி, அதக் குடுத்ததே அண்ணன்தான்" என்றான்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அண்ணன் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடவே கூடாது என்றுதான் வெகுநாள் இருந்திருக்கிறான். போகிற இடமெல்லாம் அதைக் கேட்கிறார்கள். என்ன செய்வது என்று அண்ணனையே கேட்டுவிடலாம் என்றுதான் பெருநாளைக்குப் பிறகு வந்தான். மூவரும் கடற்கரையில், பழுதுபார்க்க ஏற்றிப்போட்டிருந்த ஒரு விசைப்படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அஜ்மல் கேட்டதும் அப்ரார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளிருந்து முனகினான். சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே வேகம், அதே ஏற்ற இறக்கம், மூச்சு வாங்குகிற இடம்கூட அதே இடம். பிரகதீஸ்வரி ஓடிப்போய்க் காரிலிருந்து செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் முனக முனக அவள் வாசித்துப் பார்த்தாள். தப்பினால் தொடையில் அடித்து நிறுத்திவிட்டு மறுபடியும் முனகினான். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறவரைக்கும் அப்படியே போனது.

ஹஃப்சா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்த நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்குத் துல்லியமாக நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் நெய்யில் முந்திரியை வறுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்தான்.

"எங்கிட்ட ஒரு நாள்கூட..." என்று தொடங்கினாள்.

"நானும் சந்தோஷத்துல, மதினியக் கூட்டிட்டு வாரேன்னு எந்திரிச்சேன். அண்ணன்தான் என் கையப் புடிச்சு இழுத்து ஒக்கார வச்சிருச்சு. சொல்லக் கூடாதுன்னு வாயில வெரல வச்சுக் காட்டுச்சு." சொல்லலாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது. "நீங்க தெனமும் காத்துக்கிட்டே இருக்கீங்கள்ல மதினி. காத்துக்கிட்டு இருக்க அந்த மொகத்துக்கு முன்னாடி அண்ணனால முடியலன்னு நெனக்கிறேன்."

உள்ளே யாரோ வயலினைச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பி, மேலே போவதும் கீழே வருவதுமாக. ஹஃப்சாவுக்கு அட்டைகள் ஞாபகம் வந்தன. அவன் நெற்றி வியர்வையை இத்தனை நாளும் முயற்சி என்று நினைத்திருந்தாள். பல்லுக்குப் பின்னால் அந்த முனகலை வைத்துக்கொண்டே அவன் தினமும் தன் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான். அதை அவளுக்கு முன்னால் விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் காலையே அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். இது வந்ததே, அடுத்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் என்று நிற்பாள். நிற்பவள்தான். அது பொய்யில்லை. பழைய அப்ரார் திரும்பி வருவான் என்று அவள் விரித்துப்போட்ட பாயைப் பார்த்துப் பார்த்தே அவன் கூசிப்போயிருக்கிறான். வரப்போவதில்லை என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்து, தன் இடத்தைத் தானே எடுத்து, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவி, வந்து உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டிருக்கிறான்.

"நீங்க வேணாம்னா இன்னைக்கு அதப் பாடல" என்றான் அஜ்மல். "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் சுவரிலிருந்து கையை எடுத்துத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாடுங்க" என்றாள்.

கூட்டம் ஆட வந்த கூட்டம். முன்வரிசைகளில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். இன்னைக்கு ஒக்காந்து கேப்போமா என்று அஜ்மல் கேட்டுக்கொண்டதும் சலசலப்பு அடங்கிக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஹஃப்சாவுக்கு இந்த வாத்தியங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வயலின் என்றால் சினிமாவில் யாராவது செத்தால் வாசிப்பது என்றுதான் நினைத்திருந்தாள். இங்கே அந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தலையசைப்பிலேயே பேசிக்கொண்டு, ஒரே ஆள் மூச்சு விடுவதுபோல வாசித்தார்கள். அஜ்மலின் குரலும் மாறியிருந்தது. கத்த வேண்டிய அவசியம் இல்லாததால், ஒவ்வொரு சொல்லும் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று கேட்டது. பக்கத்தில் அப்ரார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இப்படி நிமிர்ந்து அவன் உட்கார்ந்து அவள் பார்த்து நாளாகிவிட்டது.

'வல நெறஞ்சாச்சு' என்று முதல் வரி வந்ததும் கூட்டம் சத்தம் போட்டது. பிறகு, பாட்டு வேறு மாதிரி வருகிறது என்று தெரிந்து அமைதியானது. நிதானமாகப் பாடினால் அது வேறு பாட்டாக இருந்தது. வலை நிறைந்துவிட்டது, நீ இன்னும் கரைக்கு வரவில்லையே என்கிற பாட்டு. இத்தனை வருஷம் அதற்கு ஆடியவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அண்ணன் வந்திருக்கிறான் என்று அஜ்மல் மேடையில் சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வயலின்கள் நின்றன. வியோலா நின்றது. பிரகதீஸ்வரி வில்லைக் கம்பியில் வைத்தாள்.

அது பழைய பாட்டில் இருந்த அப்ரார் இல்லை. ஏலம் விடுகிற அவனைத்தான் ஹஃப்சா எதிர்பார்த்தாள்; பவுசியாவின் போனில் கோபத்தில் அவள் எதையும் காதில் வாங்கியிருக்கவில்லை. வந்தது பூண்டு உரித்துக்கொண்டு பேசுகிறவன். வேகமாக எடுத்து, யாரோ ஒருவர் குரலுக்குத் தாவி, அங்கிருந்து இன்னொருவருக்குப் போய், வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் களைத்து உட்காருகிற மாதிரித் தாழ்ந்துபோகிற அந்தப் பேச்சு. சொல் இல்லாததால் மற்றதெல்லாம் கேட்டது. பாதியில் ஓர் இடத்தில் அது தடுக்கியது. ஒரே சுரத்தில் மூன்று நான்கு முறை முட்டிப் பார்த்து, வழி கிடைக்காமல் நின்று, பின்னால் போய் மறுபடி எடுத்து வந்தது. கூட்டத்தில் யாரோ ஆகா என்றார்கள். அதை அழகு என்று நினைத்திருப்பார்கள். ஹஃப்சாவுக்கு அந்தத் தடுக்கல் தெரியும். ஒவ்வொரு காலையிலும் அவள் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அதைத் திருத்தாமல், மழுப்பாமல், அன்று கடற்கரையில் கேட்டபடியே வைத்திருந்தாள்.

அப்ராரை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் தன் முகத்தைப் பார்ப்பான், அதில் எதையாவது படிப்பான் என்று பயமாக இருந்தது. மேடையையே பார்த்துக்கொண்டு, கண்ணில் வந்ததைத் துடைக்காமல் விட்டாள். கைப்பிடியில் கிடந்த அவன் இடது கை விரல்கள் அசைவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. தடுக்குகிற இடத்தில் அந்த விரல்களும் நின்றன.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. வளாகத்தில் வேப்பமரத்தடியில் அஜ்மலைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். ஹஃப்சா தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பிவந்தபோது அப்ராரை விட்ட இடத்தில் காணவில்லை. ஒரு கணம் பதறிப்போய்த் தேடினாள். அவன் கூட்டத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். யாரோ ஒரு பெண், சும்மா நிற்கிறாரே என்று, அண்ணே ஒரு போட்டோ எடுங்கண்ணே என்று போனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய் அஜ்மல் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இவர்களில் பாதிப் பேர் அவன் பேச்சை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் நடுவில் நின்று, போனைப் பார்க்காமல், போனைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்ரார் போனை இடது கையில் உயர்த்திப் பிடித்திருந்தான். கட்டைவிரலால் அழுத்தவும் வேண்டும், ஆடாமல் பிடிக்கவும் வேண்டும். அந்தக் கையைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஹஃப்சா பின்பக்கமாக வேகமாக நடந்தாள். கையையும் நீட்டிவிட்டாள். எதிரே இருந்தவர்கள் யார் எங்கே நிற்பது என்று தள்ளிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். உயரமானவர்களைப் பின்னால் போகச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவர்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்று அப்ரார் பொறுமையாகக் காத்திருந்தான். காத்திருந்தவன், தன்னையறியாமல், உதட்டை மூடிக்கொண்டு, மெல்ல முனக ஆரம்பித்தான்.

ஹஃப்சா அப்படியே நின்றாள். நீட்டிய கை அவன் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. செருப்புக்குக் கீழே சரளைக்கல் நெறிபட்டுவிடக் கூடாதே என்று பாதத்தை அழுத்தாமல், மூச்சை இழுக்காமல், அவன் திரும்பிவிடக் கூடாதே என்று அவன் நீலச் சட்டையின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் ஒரு வழியாக வரிசைக்கு வந்து, அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள்.